ஹில்டா மனசு வைக்கணும்

“இன்னும் இல்லையா?”

“இல்லை.”

“வாலையாவது தூக்கினாளா?”

“ஈ ஓட்டத் தூக்கினா. உடனே இறக்கிட்டா.”

மார்லிஸ் கண்டர்சன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவே நின்ற பசுவைப் பார்த்தாள். பசுவும் அவளைப் பார்த்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் காலம்காலமாக வெறும் பார்வையாலேயே உட்காரவைத்தவள் மார்லிஸ். அந்தப் பார்வை இந்த மாட்டிடம் செல்லுபடியாகவில்லை.

“ஏன் டெல்பெர்ட், இவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஹில்டாவுக்கா?” கயிற்று வேலிமேல் சாய்ந்திருந்த டெல்பெர்ட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். மாடு அவருடையது. “என் தொழுவத்துலயே தாராள மனசுக்காரி இவதான் டீச்சரம்மா. நாளெல்லாம் அள்ளி மாளாது. அதுக்காகத்தானே இவளைப் பொறுக்கிக் கூட்டிட்டு வந்தேன்.”

“அந்தத் தாராளம் எங்க போச்சு?”

“கூட்டத்தைப் பார்த்ததும் கூச்சம் வந்திருக்கும். உங்களை இத்தனை பேர் சுத்தி நின்னு பார்த்தா உங்களுக்கு வருமா?”

மார்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

விளையாட்டு என்னவோ சுலபமானதுதான். பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் கொடுத்து, ஊராருக்கு விற்றாகிவிட்டது. மாட்டை அவிழ்த்து விட்டால் அது தன் இஷ்டத்துக்குத் திரியும். முதல் சாணி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அந்தக் கட்டக்காரருக்கு மரவாடிக்காரர் கொடுக்கும் விறகு. ஒரு குளிர்காலம் முழுக்க எரிக்கலாம். சீட்டு விற்ற பணம் வகுப்புக்கு. சுற்றுவட்டாரத்தில் தேவாலயமும் தீயணைப்பு நிலையமும் வருஷாவருஷம் நடத்துகிறதுதான். எந்த ஊரிலும் மாடு இப்படி மானம் பார்த்ததில்லை.

மார்லிஸின் வகுப்புக்கு வேண்டியது பனிச்செருப்பு. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஒரு நரிக்குடும்பம் வசிக்கிறது. பனி விழுந்தபின் அதன் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே போகிறது, என்ன தின்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் போட்ட பாடத்திட்டம். போன குளிர்காலத்தில் சாதாரண பூட்ஸோடு கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் தொடைவரை பனியில் புதைந்தார்கள். நரி ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தது. ஒரு பையனின் இடதுகால் பூட்ஸ் இன்னும் காட்டில்தான் இருக்கிறது. பாதத்தைவிட மூன்று மடங்கு அகலமான பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டால் பனிமேல் மிதந்துகொண்டு போகலாம். ஏரிக்கரைக் கடைக்காரர் கடையை மூடப்போகிறார். வகுப்பு முழுவதற்கும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லித் திங்கட்கிழமை வரை எடுத்துவைத்திருக்கிறார்.

இடையில் நின்றது ட்ரூடி ப்ரான்ட்.

ட்ரூடி பெற்றோர் சங்கத் தலைவி. மார்லிஸும் அவளும் இதே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. ட்ரூடிக்கு வேண்டியது இந்தப் பந்து மைதானத்துக்கு விளக்குகள் மின்னும் ஸ்கோர்போர்டு. அவள்தான் சீட்டின் பின்புறம் ஒரு விதியை அச்சடிக்க வைத்தாள்: நாலு மணிக்குள் மாடு தன் வேலையை முடிக்காவிட்டால் எல்லோருக்கும் பணம் வாபஸ். அப்படி நடந்தால் அடுத்த வருஷத்திலிருந்து இந்த விழாவே ஸ்கோர்போர்டுக்கு என்று சங்கத்தில் தீர்மானமும் போட்டு வைத்திருந்தாள்.

“மாடு எப்ப சாணி போடும் டெல்பெர்ட்?”

“தின்னா போடும்.”

“எப்ப தின்னும்?”

“கொடுத்தா தின்னும்.”

மார்லிஸ் நேராக டெல்பெர்ட்டின் வண்டிக்குப் போய், ஒரு வாளி ஓட்ஸை அள்ளிக்கொண்டு வந்து கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள். ஹில்டாவின் காது நிமிர்ந்தது. மார்லிஸ் நாலு அடி நடந்தாள். ஹில்டாவும் நாலு அடி நடந்தது.

“ஏய் மார்லிஸ். வாளியைத் தூக்கிட்டு எங்கடி போற?” ட்ரூடியின் குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

“மாட்டுக்குத் தீனி வைக்கிறேன்.”

“தீனி வைக்கிறியா, வழி காட்டறியா? அந்த மூலையிலதானே உன் வீட்டுக்காரர் கட்டம் இருக்கு?”

கூட்டம் மொத்தமும் திரும்பி மார்லிஸின் கணவர் கென்னைப் பார்த்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்த கென், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “நான் எந்தக் கட்டம் வாங்கினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. ட்ரூடி ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க. என்ன ஒரு அக்கறை.”

“சிரிக்காதீங்க கென். டீச்சர் தீனி வைக்கலாம்னா நாங்களும் வைக்கலாம்” என்றாள் ட்ரூடி. சொல்லிவிட்டு, கையிலிருந்த ஆப்பிளைத் தன் கட்டத்துக்கு மேல் நீட்டினாள்.

அவ்வளவுதான். நாலு பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. ஆப்பிள், காரட், சோளக்கதிர், பாதி கடித்த டோனட்.

“ஹில்டா, இங்க வாம்மா.”

“அந்தாள்கிட்டப் போகாத ஹில்டா, அவன் ஆப்பிள்ல புழு இருக்கும்.”

“என் தோட்டத்து ஆப்பிளையா சொல்ற? போன வருஷம் மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போனியே, அப்பப் புழு தெரியலையா?”

ஹில்டா யார் மனதையும் புண்படுத்தவில்லை. எல்லோர் கையிலும் தின்றது. தின்றுகொண்டே வந்து, கயிற்றுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, காப்பி மேசைமேலிருந்த பூசணிக் கேக்கையும் தட்டோடு இழுத்தது. காப்பி மேசை யூனிஸ் ஹாகனுடையது. தேவாலயத்தில் கல்யாணமோ இழவோ, பள்ளிக்கூடத்தில் விழாவோ, காப்பி ஊற்றுகிறவள் யூனிஸ். கோப்பையைத் தூக்கிக் குடித்துவிட்டு வைப்பதற்குள் அடியில் துடைத்திருப்பாள். எழுபத்தைந்து வயதில் இப்படி ஒரு சுறுசுறுப்பு.

“ஐயோ யூனிஸ், மன்னிச்சுக்கோங்க, கேக் போச்சே” என்றாள் மார்லிஸ்.

“அதுக்கென்ன கண்ணு, உள்ள இன்னொரு தட்டு இருக்கு. பசிச்ச வாய்தானே” என்று சொல்லி, யூனிஸ் மாட்டின் தாடையில் ஒட்டியிருந்த கிரீமையும் துடைத்துவிட்டாள்.

வயிறு நிறைந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஹில்டா மைதானத்தின் நடுவுக்கு நடந்துபோய், முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

“படுத்துட்டா” என்றார் டெல்பெர்ட்.

“படுத்தா என்ன?”

“அசை போடுவா.”

“அசை போட்டா?”

“கண் சொக்கும்.”

“கண் சொக்கினா?”

டெல்பெர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி ஆயிடும்.”

“படுத்த வாக்குல போடாதா?”

“போடும் போடும். ஆனா பாருங்க, அஞ்சாறு பேர் கட்டத்தை அடைச்சுட்டுப் படுத்திருக்கா. அடியில போனது யாரோடதுன்னு அப்புறம் அவளைத்தான் கேக்கணும்.”

அப்போது தலைமையாசிரியர் ராண்டி ஷூல்ட் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே வந்தான். ஊருக்குத் தலைமையாசிரியர், மார்லிஸுக்கு, மூன்றாம் வகுப்பில் மூக்கைச் சிந்திவிட்டு உட்காரவைத்த பையன்.

“டீச்சர், ஜனங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. பேசாம பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமா?”

“ராண்டி, ஏழாம் வாய்ப்பாடு வரலைன்னு நீ அழுதியே, அன்னிக்கு உன்னை நான் விட்டுட்டேனா?”

“இல்லை டீச்சர்.”

“எத்தனை நாள் சாயங்காலம் உக்கார வெச்சேன்?”

“நிறைய நாள் டீச்சர்.”

“உன்னையே தேத்தினவ நான். ஒரு மாட்டை விட்டுடுவேனா?”

ராண்டி மாட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பழைய பரிதாபம் வந்து போனது.

விழா முடிவில் வாசிப்பதற்காக உயர்நிலைப் பள்ளி வாத்தியக் குழு சீருடையோடு ஓரமாகக் காத்திருந்தது. மார்லிஸ் அவர்களிடம் போனாள்.

“பசங்களா, மாடு எழுந்திருக்கணும். பயப்படக் கூடாது. இதமா ஏதாவது வாசிங்க.”

“இதமான்னா எப்படி டீச்சர்?”

“தூங்கற குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பற மாதிரி.”

ஆளாளுக்கு வீட்டில் எப்படி எழுப்புகிறார்களோ. முதலில் புல்லாங்குழல் மெல்லக் கிளம்பியது. ஹில்டா ஒரு காதைத் திருப்பியது. கிளாரினெட் சேர்ந்தது. ஹில்டா எழுந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. கைதட்டலில் குஷியான டூபாக்காரன், ஆள் உயர ஊதுகுழலைத் தூக்கி அடிவயிற்றிலிருந்து ஒரு ஊது ஊதினான்.

அதன்பின் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வது இதைத்தான்: ஹில்டா மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது; சுண்ணாம்புக் கோடுகள் புகைபோல எழும்பின; கயிற்று வேலியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, திறந்து கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது.

“போச்சு” என்றாள் ட்ரூடி. “உள்ள போட்டுட்டா ஆட்டம் முடிஞ்சுது. சொல்லிட்டேன். முதல் சாணி மைதானத்துல விழணும். விதி விதிதான்.”

இத்தனை நேரம் ‘போடு, போடு’ என்று கெஞ்சிய ஊர், இப்போது பள்ளிக்கூடத்து நடையில் வரிசையாக நின்று ‘போட்டுடாதே தாயே’ என்று கெஞ்சியது.

“சத்தம் போடாதீங்க, மிரண்டா போட்டுடும்.”

“பின்னாடி நிக்காதீங்க, கூச்சம் போயிடும்.”

கென் தரை துடைக்கிற வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “இதை வாலுக்குக் கீழ பிடிக்கிறேன். விழுந்தாலும் தரையில விழாது.”

“வாளியில விழுந்ததை எந்தக் கட்டத்துல கொட்டுவீங்க?” என்று கேட்டாள் ட்ரூடி.

“பொதுவா நடுவுல.”

“நடுக்கட்டம் வாங்கினவன் உங்களுக்கு மச்சானா?”

“ட்ரூடி, இந்த ஊர்ல யார் யாருக்கு மச்சான் இல்லை?”

மார்லிஸ் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஹில்டா போய் நின்ற இடம் அவளுடைய வகுப்பின் வாசல். சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய நரிகள். சிவப்பு நரி, ஆரஞ்சு நரி, பனிச்செருப்பு போட்டுக்கொண்ட நரி. ஹில்டா நாக்கை நீட்டி ஒரு நரியை ஓரத்திலிருந்து கிழித்து மென்றது.

அந்த நரியைப் போன வருஷம் வரைந்தது காட்டில் பூட்ஸைத் தொலைத்த பையன். கால் விறைத்துப்போய் அவளுடைய முதுகில் தொற்றிக்கொண்டு திரும்பியவன், ‘அடுத்த வருஷம் நான் நாலாவது போனாலும் நிச்சயமா அதோட வீட்டைக் கண்டுபிடிப்போம்ல டீச்சர்’ என்று கேட்டிருந்தான். ‘நிச்சயமா’ என்று சொல்லியிருந்தாள். அவள் வாழ்க்கையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

அவள் மாட்டின் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“ஹில்டா. வாயில இருக்கறதை முழுங்கு.”

ஹில்டா விழுங்கியது.

“நடையில ஓடக்கூடாது. சுவர் ஓரமா வா. யாரையும் இடிக்காத. என் பின்னாலயே வரணும்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் நிதானமாக, சுவர் ஓரமாகவே வந்தது. ராண்டியும் தன்னையறியாமல் சுவர் ஓரமாக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டான். எல்லோருக்கும் கடைசியில் யூனிஸ் ஈரத்துணியோடு குனிந்து குளம்படிகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மைதானத்துக்கு வந்து பார்த்தால் கோடு என்று ஒன்றும் இல்லை. புல் முழுக்க மாவு தூவினாற்போல வெள்ளையாக இருந்தது.

“கட்டம் எங்கே?”

“கட்டம் இல்லாம எதுல போடறது?”

“மறுபடியும் போடுவோம்” என்றாள் மார்லிஸ். “கென், அந்தச் சுண்ணாம்புக் கோடு போடற வண்டியை எடு.”

கென் எடுத்தார். கென் போட்ட கோடு அவருடைய குணத்தைப் போலவே, யாரையும் நோகடிக்காமல் வளைந்து வளைந்து போனது. நாற்காலி இருந்தால் சுற்றிக்கொண்டு போனது. தெரிந்தவர் நின்றால் நின்று விசாரித்துவிட்டுப் போனது.

“கென், என் கட்டம் முக்கோணமா இருக்கே.”

“ஓரத்துல இருக்கறது அப்படித்தான் வரும்.”

“நான் நடுவுல வாங்கினேன்.”

“அப்ப அது கட்டத்தோட தப்பு.”

“என் கட்டத்துல நாற்காலி போட்டு உட்காரவே இடம் இல்லை.”

“நீயா போடப்போற? மாடுதானே போடப்போகுது.”

ஒரு வழியாகக் கோடுகள் முடிந்து, டெல்பெர்ட் கயிற்று வேலியை மறுபடி கட்டி, ராண்டி வரைபடத்தைப் பார்த்து எண்களை நட்டு, ஹில்டா மறுபடி உள்ளே நுழைந்தபோது, ட்ரூடி கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“நாலு மணி. முடிஞ்சுது. ராண்டி, எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடு.”

வேலியோரம் வரிசையாக நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மார்லிஸின் முகத்தையே பார்த்தார்கள். அழவில்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ட்ரூடி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பந்தாட்டத்துல பந்து மைதானத்தை விட்டு வெளியே போயிட்டா என்ன பண்ணுவாங்க?”

“கடிகாரத்தை நிறுத்துவாங்க.”

“ஆட்டக்காரனுக்கு அடிபட்டா?”

“நிறுத்துவாங்க. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? அது பந்து, இது மாடு.”

“மைதானம் ஒண்ணுதானே? மாடு வெளியே போன நேரம், கோடு போட்ட நேரம், எல்லாம் கழிக்கணுமா வேண்டாமா? நீ கேக்கற ஸ்கோர்போர்டுலயே பெருசா ஒரு கடிகாரம் வருதாமே. அது எதுக்கு, நிறுத்தத்தானே?”

ட்ரூடி ராண்டி பக்கம் திரும்பினாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அந்த மைதானத்தில் பந்து விளையாடி முழங்கால் உடைத்துக்கொண்டவன். விளையாட்டு விதி என்றால் அவனுக்கு வேதம்.

“டீச்சர் சொல்றது சரி” என்றான் ராண்டி. “மாடு வெளியே இருந்த நேரம் சேராது.”

“அவளுக்குப் பயந்துட்டுச் சொல்ற.”

“ஆமா. ஆனாலும் அதுதான் சரி.”

இந்த முறை தீனி இல்லை, வாத்தியம் இல்லை, பேச்சு இல்லை. டூபாக்காரனை அவன் அம்மாவே காருக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மேப்பிள் இலைகள் உதிர்கிற சத்தம் கேட்டது. ஹில்டா கென்னின் கோணல் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தது. நின்றது. முகர்ந்தது. நாலு கட்டம் தள்ளிப் போனது. திரும்பி வந்தது. நல்ல இடம் பார்த்து வீடு கட்டுகிறவரைப் போல யோசித்தது.

“வால்” என்று கிசுகிசுத்தார் டெல்பெர்ட்.

வால் எழும்பியது. இறங்கவில்லை. முதுகு லேசாக வளைந்தது. பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தத்தைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். அந்த ஓட்ஸ், அத்தனை ஆப்பிள், கேக், நரி, எல்லாமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் கோபுரமாக நின்றது.

“கோட்டுல படலையே?”

“எங்கயும் படலை. கட்டத்துக்கு நட்டநடுவுல.”

ராண்டி குனிந்து எண்ணைப் பார்த்தான். வரைபடத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

“ட்ரூடி ப்ரான்ட்” என்றான்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முக்கோணக் கட்டக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இது செல்லாது. கோடே கோணல். நேரமும் தாண்டிப் போச்சு. சும்மா வளர்த்தாம பணத்தைத் திருப்பிக் கொடுங்க.”

“எது செல்லாது?” ட்ரூடி கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டாள். “கோடு எங்க கோணல்? கென் கோடு போட்டா அளவெடுத்த மாதிரி இருக்கும். நேரம் எங்க தாண்டிச்சு? மாடு வெளியே போன நேரத்தைக் கழிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? பந்தாட்டமே பார்த்ததில்லையா நீங்க?”

“இத்தனை நேரம் நீதானேம்மா...”

“இத்தனை நேரம் விதியைப் பேசினேன். இப்பவும் விதியைத்தான் பேசறேன். மாடு போட்ட முதல் சாணி எங்க விழுந்துதோ அவங்களுக்கு விறகு, பணம் வகுப்புக்கு. இதுல ஒரு எழுத்து மாத்த யாருக்கும் உரிமை கிடையாது. ராண்டி, ஒலிபெருக்கியை எடு. அறிவிச்சுடு.”

ராண்டி அறிவித்தான். பிள்ளைகள் நரியைப் போல ஊளையிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து டெல்பெர்ட்டும் ஊளையிட்டார். மார்லிஸ் அங்கேயே நின்று ஏரிக்கரைக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். “எடுத்து வெச்சதை அப்படியே வைங்க. திங்கட்கிழமை காலையில வர்றேன். ஆமா, எல்லாம்தான். எல்லாருக்கும்.”

“வாங்கிக்கோடி உன் பனிச்செருப்பை” என்றாள் ட்ரூடி பக்கத்தில் வந்து. “பிடிச்ச பிடியை விடமாட்ட. சின்ன வயசுலயே அப்படித்தான்.”

“விறகு எரியும்போது என்னை நினைச்சுக்கோ.”

“நினைக்காம? உன் மாடுதானே குளிர்காய வைக்குது.”

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்து சேர்ந்தார். ட்ரூடி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு தன் கட்டத்தில், தன் வெற்றிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு பக்கம் மார்லிஸ், ஒரு பக்கம் ராண்டி, ஒலிபெருக்கி இன்னும் அவன் கையில். பின்னால் ஹில்டா. முக்கோணக் கட்டக்காரர் உட்பட ஊர் மொத்தமும் எதிரே நின்று பார்த்தது.

“எல்லாரும் சிரிங்க” என்றார் பத்திரிகைக்காரர்.

சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு கையில் மண்வாரியும் ஒரு கையில் தண்ணீர் வாளியுமாக யூனிஸ் குறுக்கே வந்து, ட்ரூடியின் காலடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“மறுபடியுமா?” என்றாள். “ஆரம்பத்துல நீங்கள்லாம் கொடியைப் பார்த்து நெஞ்சுல கைவெச்சுத் தேசியகீதம் பாடிட்டிருந்தப்ப இவ மைதானத்துல போட்டதை அள்ளிக் கழுவிவிட்டதுக்கே எனக்கு இன்னும் இடுப்பு நிமிரலை கண்ணு.”